மூன்றாவது செட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் வருஷம் ஜூலை மாதம், செராயா தோட்டத்துக்கு வயர்லெஸ் செட்டு வாங்குவதென்று முடிவானது. எந்த மாதிரிச் செட்டு வாங்குவது, எங்கெங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஸ்டோர் கிராணி பழனியப்பன் அண்ணனிடம் வந்தது. நான் அந்த ஆபிசில் தட்டச்சுக் கிராணி. லகாட்டில் என் வாப்பாவுக்கு மளிகைக்கடை. கடையைப் பார்க்க இரண்டு அண்ணன்மார் இருந்ததால் நான் டைப் அடிக்கப் படித்துவிட்டுத் தோட்டத்து வேலைக்கு வந்தேன். ஷரபுதீன் என்ற பேரை அங்கே யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் நான் பாய்தான்.

சிலிம் ரிவரிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்தது செராயா. நாலு டிவிஷன். ஆபிசைச் சுற்றி ஒன்றாம் டிவிஷன். ரப்பர் ஆலை இருந்தது இரண்டில். மூன்றாம் டிவிஷன் தார் ரோட்டோரம், எண்பது குடும்பம். நாலாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம், செம்மண் பாதையில் ஐந்து மைல் போகவேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட லயத்தில் இருபத்திரண்டே குடும்பம். நடுவில் ஒரு மரப்பாலம். மழைக்காலத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் அது தண்ணீருக்குள் போய்விடும்.

தினமும் பதினொரு மணிக்கு ஒவ்வொரு டிவிஷனிலும் ரப்பர்ப் பால் நிறுப்பார்கள். எடைச்சீட்டு சைக்கிளில் ஆபிசுக்கு வரும். லோரி வழியில் படுத்துவிட்டால் அது எங்கே நிற்கிறதென்று தெரிவதற்குள் பால் உறைந்துவிடும். கம்பெனிக்கு அதுதான் கவலை. அதற்காகத்தான் வயர்லெஸ்.

ஈப்போவிலிருந்து செட்டுகளைக் காட்ட சான் என்ற சீனர் வந்தார். கையில் பிடித்துக்கொண்டு பேசும் சின்னச் செட்டு ஒரு வகை. லோரி பேட்டரியில் ஓடும் பெரிய செட்டு இன்னொரு வகை, அதற்கு உயரமாக ஏரியல் நடவேண்டும். மேனேஜருக்குச் சின்னதைத்தான் பிடித்தது. இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பழனியப்பன் அண்ணன் இரண்டையும் ஒரு வாரம் வைத்திருந்து பார்க்கக் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் லேண்ட்ரோவரில் சுற்றினார். நான் ஆபிசில் பெரிய செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர் எங்காவது நின்று கூப்பிடுவார். கேட்கிறது, கரகரப்பு, ஒன்றும் இல்லை என்று நான் ஒரு நோட்டில் குறிக்கவேண்டும். சின்னச் செட்டு இரண்டு மைலுக்கு மேல் மரங்களுக்குள் எடுபடவில்லை. மழை பெய்து இலை நனைந்திருந்தால் ஒரு மைலே கஷ்டம். பெரிய செட்டு நன்றாகக் கேட்டது, ஆனால் அதற்கும் இடம் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளத்தில் நின்றால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. நூறு அடி மேலே ஏறினால் பக்கத்தில் நின்று பேசுவது போலிருக்கும்.

வியாழக்கிழமை அவர் நாலாம் டிவிஷனுக்குப் போனார். அவருடைய ஒரே மகள் பாப்பா அங்கேதான் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டிவிஷனில் பால் வெட்டும் ஐயாவு என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஜூலையில் பாப்பா நாலு மாசக் கர்ப்பம்.

அன்றைக்கு அவருடைய மனைவி முத்தம்மா அக்கா, புருஷன் ஆபிசில் இருப்பார் என்று நினைத்துச் சோற்றுக்கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வாசனை அடித்தது. செட்டில் கரகரவென்று ஏதோ வந்தது.

"லயத்து வாசல்லேருந்து பேசுறேன். கேக்குதா பாய். ஓவர்."

"சுசா லா அண்ணே, கஷ்டம். பாதிதான் வருது. ஓவர்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சுத்தமாக.

"தண்ணித் தொட்டி மேட்டுல நிக்கிறேன். இப்ப."

"நல்லாக் கேக்குதுண்ணே. ரூமுக்குள்ள இருக்க மாதிரி இருக்கு."

"அப்ப எடம் இதான். தொட்டிப் பக்கத்துல ஒரு கொட்டாய் போட்டா போதும்."

அக்கா வந்திருப்பதாகச் சொன்னேன். பாப்பாவும் கூட நிற்பதாக அவர் சொன்னார். பிறகு ஒரு பெண்குரல் வந்தது.

"அம்மா, நாந்தான். இத அமுக்கிக்கிட்டே பேசணுமாம். நீ பேசும்போது நான் விட்டுரணுமாம்."

முத்தம்மா அக்கா செட்டைப் பார்த்து நின்றார். எங்கே பேசுவதென்று தெரியாமல் அதன் வலைத்துணியில் வாயை வைத்தார். நான் மைக்கை எடுத்துக் கொடுத்தேன்.

"சாப்ட்டியாடி."

"வாந்தியா வருது. புளி மாங்கா வேணும். அங்க நம்ம வீட்டுப் பின்னால காய்ச்சிருக்கா."

"நாளைக்கு லோரியில குடுத்து விடுறேன். தண்ணி தூக்காத. அவரு தூக்கட்டும்."

"அவருதான் தூக்குறாரு. சரிம்மா, அப்பா திட்டுறாங்க. பேட்டரி போயிருமாம்."

அக்கா மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அஞ்சு மைல் பாய். பஸ்ஸுமில்ல ஒண்ணுமில்ல. மூணு மாசமா அவ குரலக் கேக்கல நான்," என்றார்.

கைச்செட்டு வேண்டாம், பெரிய செட்டுதான் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஆனால் கம்பெனி மூன்றுதான் அனுமதித்தது. ஒன்று ஆபிசில் இருந்தே ஆகவேண்டும். ஒன்று ஆலைக்கு, அதாவது இரண்டாம் டிவிஷனுக்கு. மீதி ஒன்று. அது மூன்றாம் டிவிஷனுக்கா நாலாவதுக்கா என்று பழனியப்பன் அண்ணனையே முடிவு பண்ணச் சொன்னார் மேனேஜர். "நீதான் சுத்திப் பாத்த. நீ எழுதுறதுதான். நான் கையெழுத்து போடுறேன்," என்றார். நான் அப்போது அந்த அறையிலேயே இருந்தேன்.

மறுநாள் சாயந்தரம் அண்ணன் பென்சிலில் எழுதிய காகிதம் என் மேசைக்கு வந்தது. 'மூன்றாவது செட்டு நாலாம் டிவிஷனுக்கு' என்றிருந்தது. கீழே காரணம். மூன்றாம் டிவிஷனுக்குத் தார் ரோடு இருக்கிறது, அரை மைலில் சீனன் கடையில் டெலிபோன் இருக்கிறது. நாலாவதுக்கு இரண்டும் இல்லை, பாலம் முழுகினால் வெளியே தகவல் சொல்ல வழியில்லை. தண்ணீர்த்தொட்டி மேட்டில் சத்தம் நன்றாகக் கிடைக்கிறது. நான் காகிதத்தை மிஷினில் செருகி இரண்டு வரி அடித்திருப்பேன். அவர் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"அத குடுங்க பாய்."

வாங்கி, என் மேசையிலேயே வைத்து, நாலை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். காரணங்களைக் குறுக்கே கோடு போட்டார். 'அதிக ஆட்கள், அதிகப் பால்' என்று ஒரே வரி எழுதினார்.

"ஏண்ணே," என்றேன்.

"மூணுலதான பாலு ஜாஸ்தி. கம்பெனி அதுக்குத்தான வாங்குது."

"நீங்க எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லையேண்ணே. பாலம் முழுகுனா அங்க உள்ளவங்க என்னா பண்ணுவாங்க."

"என் மக அங்க இருக்கா பாய்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் லயத்துக் கூரைகளுக்குப் புதுத் தகரம் வந்தபோது, அவருடைய மச்சான் வீடுதான் எல்லாவற்றையும்விட மோசமாக ஒழுகியது. முதல் தகரம் அங்கே போனது. உடனே மேலிடத்துக்கு ஒரு மொட்டைக்கடுதாசி போய்விட்டது. இரண்டு பேர் வந்து ஸ்டோரைத் திறந்து தகரத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டு எண்ணினார்கள். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் எண்ணி முடிக்கும்வரை காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த சனம் மொத்தமும் பார்க்க அவர் ஆபிஸ் வாசலில் நின்றிருந்தார். அன்றிலிருந்து தன் வீட்டு ஆணிக்குக்கூட வெளியில் போய்த்தான் வாங்குவார்.

"மகளுக்காகவா கேக்குறீங்க. இருவத்திரண்டு குடும்பம் இருக்குல்ல," என்றேன்.

"கடுதாசி போடுறவன் இருவத்தி ஒண்ண எழுத மாட்டான் பாய். ஒண்ணத்தான் எழுதுவான். அடிங்க."

நான் அடித்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சாயந்தரமாகிவிட்டது, எனக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். அடித்து மேனேஜர் தட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

செப்டம்பரில் செட்டுகள் வந்தன. மூன்றாம் டிவிஷன் எடைக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஏரியல் நட்டார்கள். அங்கே மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த சீனி அண்ணன் தினமும் பதினொன்றரைக்கு எடையைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. முத்தம்மா அக்கா மட்டும் ஒருநாள் கேட்டார், "நாலுக்கு வைக்கலயா பாய்," என்று. "அடுத்த வருஷம் வரும்னு சொல்றாங்கக்கா," என்றேன். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாகப் பால் வெட்டு இல்லை. மரத்தடியில் நின்றால் மேலே மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். லயத்து வாசல்களில் துணி காயாமல் நாறியது. அரிசி இருந்தவர்கள் கருவாடு சுட்டுக் கஞ்சி குடித்தார்கள். பாப்பாவுக்குத் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கொடுத்த பிரசவத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தது. முத்தம்மா அக்கா முன்னறையைக் கழுவி, பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொன்றேகால் இருக்கும். வெட்டு இல்லாததால் செட்டுக்கு வேலையில்லை. பழனியப்பன் அண்ணன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். செட்டு கரகரத்தது.

"செராயா மூணு கூப்பிடுது. ஆபிசு, ஆபிசு. பழனி இருக்காரா. ஓவர்."

சீனி அண்ணன் குரல் ஒரு மாதிரி இருந்தது. பழனியப்பன் அண்ணன் மைக்கை எடுத்தார்.

"இருக்கேன் சீனி. சொல்லு."

"இந்தா, மருமவன் பேசுறாரு."

மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் வந்தது.

"மாமா, பாப்பாவுக்கு வலி எடுத்துருச்சு. ரத்தம் போவுது மாமா. நிக்கல."

"எப்பருந்து. எப்பருந்து வலி. கூட யாரு இருக்கா. நீ ஏன் மூணுக்கு வந்த. லேண்ட்ரோவர் அனுப்பறேன், பாலத்துக்குத் தூக்கிட்டு வா. ஐயாவு, கேக்குதா. ஐயாவு."

பதில் இல்லை. மறுபடியும் கத்தினார். மைக்கின் பொத்தானை அவர் விடவேயில்லை. விரல் வெளுத்துப்போயிருந்தது. அவர் அமுக்கியிருக்கும்வரை அந்தப் பக்கத்துப் பேச்சு வராது. அவருக்கே தெரிந்த விஷயம், எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் எழுந்து போய் அவருடைய விரலைப் பிடித்து விலக்கினேன்.

"...முழுகிப்போச்சு மாமா. காலையில ஏழு மணிக்கு வலி. வெளிய வந்து பாக்குறேன், பாலத்து மேல முழங்கால் தண்ணி. மேலப் போயி, ஆத்தக் கடந்து போவுதே தண்ணிக் கொழாய், அது மேல தவழ்ந்து வந்தேன். காட்டு வழி. ரெண்டு எடத்துல வுழுந்துட்டேன். மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு மாமா. காளியம்மா அக்காவ அவகிட்ட விட்டுட்டு வந்தேன். சீக்கிரம் டிரஸ்ஸர அனுப்புங்க."

டிரஸ்ஸர் லேண்ட்ரோவரில் போனார். பழனியப்பன் அண்ணனும் நானும் பின்னாலேயே ஏறிக்கொண்டோம். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே கால். பாலம் எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட முடியாது. மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு தண்ணீர் போனது. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் சம்பான் என்ற சின்னப் படகு வைத்திருந்தார். அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எட்டு மணிக்குக்கூட கீழே வளைவுக்கு அப்பால் மீன் தூண்டிலோடு இக்கரை அக்கரை போய்வந்ததாகச் சொன்னார். பத்துக்கு மேலேதான் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியதாம். கொஞ்சம் வடியட்டும் என்று காத்திருந்தோம். இரண்டு மணிக்கு அவர் கயிறு கட்டி டிரஸ்ஸரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

அண்ணன் கரையில் குந்தியிருந்தார். வாழையிலை ஒன்றை யாரோ அவர் தலைக்குமேல் பிடித்தார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றரைக்குச் சம்பான் திரும்பியது. டிரஸ்ஸர் மடியில் துணிச்சுருள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. பெண்பிள்ளை. நடுவில் பாயில் சுருட்டிப் பாப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பாயின் ஓரத்தில் அவள் கால் வெளியே தெரிந்தது. அண்ணன் தண்ணீருக்குள் இறங்கிப் போய் அந்தக் காலைப் பாய்க்குள் தள்ளி மூடினார்.

டிரஸ்ஸர் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். "புள்ள பன்னண்டு மணிக்கே பொறந்துருச்சு. ரத்தம்தான் நிக்கல. நான் போகும்போது முடிஞ்சுருச்சு. எட்டு மணிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா சம்பான்லயே இந்தப் பக்கம் கொண்டு வந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் சேத்திருக்கலாம் பாய்." அவருக்கு அந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முத்தம்மா அக்கா ஆபிசுக்கு வந்தார். குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். டின் பால்தான் கொடுத்தார்கள். ஐயாவு மாமியார் வீட்டிலேயே தங்கியிருந்தான். அக்கா உட்காரவில்லை.

"பாய், அந்த வயர்லெஸ் காயிதம் நீங்கதான டைப் அடிச்சீங்க."

"ஆமாக்கா."

"அன்னிக்கு இவரு நாலுலேருந்து பேசுனாரு. தொட்டிக்கிட்ட கொட்டாய் போடலாம்னு சொன்னாரு. நான் இங்கதான் நின்னேன். அப்பறம் எப்படி மூணுக்குப் போச்சு. மேனேஜர் மாத்துனாரா."

மேனேஜர் மாற்றினார் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்கா போய் மேனேஜரைக் கேட்கப்போவதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பொய் சொல்லியிருந்தேன். இன்னொன்று வாயில் வரவில்லை.

"அண்ணன்தான் மாத்துனாரு. மொதல்ல நாலுன்னுதான் எழுதியிருந்தாரு. மக அங்க இருக்கான்னு மாத்திட்டாரு. தகரக் கடுதாசி மாதிரி இன்னொண்ணு வந்துருமோன்னு."

அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பக்கத்திலிருந்த ஸ்டோருக்குள் போனார். நடுவில் பலகைச் சுவர்தான். எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். மிஷினில் ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"நாலுன்னு எழுதிட்டு அழிச்சீங்களாமே."

சாவிக்கொத்தை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"நமக்கு அங்க யாரும் இல்லன்னு வைங்க. அந்த லயத்துல வேற எவ மகளோ வயித்துப்புள்ளயோட இருந்திருந்தா, குடுத்திருப்பீங்கல்ல."

"குடுத்திருப்பேன்," என்றார் அண்ணன்.

"அப்ப அவ ஒங்களுக்குப் பொறந்ததுதான் தப்பாப் போச்சு."

அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே என் மேசையைத் தாண்டி வெளியே போனார். அன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கேரியர் வந்தது. சாயந்தரம் மூடி திறக்காமல் அப்படியே திரும்பிப் போனது.

ஜனவரியில் மேனேஜர் கம்பெனிக்கு எழுதி நாலாவது செட்டுக்கு அனுமதி வாங்கினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். சான் வந்து தொட்டி மேட்டில் ஏரியல் நட்டபோது பழனியப்பன் அண்ணன் கூடப் போகவில்லை. மேனேஜரும் வற்புறுத்தவில்லை.

ஐயாவுவிடம் அந்தக் காகிதத்தைப் பற்றி அண்ணன்தான் சொல்லியிருக்கிறார். எப்போது, எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் ஒருநாள் ஐயாவு ஆபிசுக்கு வந்து தோட்டத்துப் பதிவிலிருந்து தன் பேரை எடுக்கச் சொன்னான். ஹுத்தான் மெலிந்தாங்கில் அவனுடைய அக்கா இருக்கிறாளாம். மீன் ஐஸ் போடும் இடத்தில் வேலை இருக்கிறதாம்.

"மாமா மேல கோவமா ஐயாவு," என்று கேட்டேன்.

"கோவப்பட்டாத் தேவல பாய். அவரு யாருகிட்டயும் ஒரு காசு எடுக்காதவரு. எப்படிக் கோவப்படுறது. ஆனா அவரு கோப்பி குடிக்கிறதப் பாத்தா எனக்கு அந்தக் கொழாய் மேல தவழ்ந்ததுதான் ஞாபகம் வருது. நான் போயிடுறேன்."

குழந்தை இன்னும் பச்சைப்பிள்ளை. அதனால் முத்தம்மா அக்காவும் கூடப் போவதாக முடிவானது. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். தோட்டத்து வாசலுக்கு வெளியே பெரிய ரோட்டில் பஸ் நிற்கும். இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு, பால் டின்கள். நான் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினேன். அண்ணன் பாய்க்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். ஐயாவு அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டிருந்தன.

"புள்ளயக் கொஞ்சம் குடு," என்றார் அண்ணன்.

முத்தம்மா அக்கா கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் நீட்டி, உடைந்துபோகிற சாமானை வாங்குவதுபோல் வாங்கினார். குழந்தையின் விரல்கள் அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலில் பட்டு மூடிக்கொண்டன. பென்சிலை எடுத்துக் குழந்தையின் கையிலேயே கொடுத்தார். பஸ் தூரத்தில் தெரியும்வரை அப்படியே நின்றார்.

"நானும் வரட்டுமா முத்தம்மா. லீவு எழுதிட்டு ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்."

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். பென்சிலை அதன் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாங்க. வரவேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வேணாம். ஒங்களப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல," என்றார். பிறகு, "அரிசிய நல்லாக் களைஞ்சு போடுங்க. புழு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

பஸ் போன பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னேன். வேண்டாமென்று தலையசைத்தார். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். இரண்டு பக்கமும் சருகு காலடியில் நொறுங்கியது. பாதி தூரம் போனதும் அவர் கேட்டார்.

"பாய், அந்த நோட்டு ஒங்ககிட்டதான இருக்கு. மூணுலேருந்து வந்ததெல்லாம் எழுதுற நோட்டு."

"இருக்குண்ணே."

"நேத்து அத எடுத்துப் பாத்தேன். மொதல் நாள்லேருந்து. ஏதாச்சும் ஒரு எடத்துல, ஒருத்தனுக்குக் கால் வெட்டிருச்சு, ஒரு புள்ளக்கி வலிப்பு வந்துருச்சு, உடனே டிரஸ்ஸர் போனாரு, பொழச்சுட்டாங்கன்னு இருக்கான்னு பாத்தேன். ஒண்ணு இருந்தாப் போதும் பாய். அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு ஒருதரம் பாத்துட்டு வந்திருப்பேன்."

ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியவன் நான்தான்.

"ஆறு மாசமா பாலு எடதான் பாய் இருக்கு. எடய விட்டா ஐயாவு பேசுனது ஒண்ணுதான்," என்றார்.